நாலு அங்குலம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பொமோனாவில் வருடாவருடம் ஜனவரிக் கடைசியில் நடக்கும் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ என்ற கார் கண்காட்சிக்கு நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தது, அவருக்குப் புதுசு. ஒவ்வொரு கூடமாகச் சுற்றிவிட்டு, கால் வலிக்கிற நேரத்தில் ஃபோர்டு கம்பெனியின் ஒரு 1949 மெர்க்குரி காரின் முன்னால் வந்து நின்றோம். கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி, கூரையைக் கீழே இறக்கி, திரும்பப் பற்றவைத்திருந்தார்கள். ஜன்னல்கள் உண்டியல் வாய் மாதிரி ஒடுங்கியிருந்தன. வண்டி தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. நாவல்பழ நிறத்தில் பெயிண்ட், அதற்குள் எங்கோ ஆழத்தில் விளக்கு எரிகிற மாதிரி ஒரு மினுமினுப்பு. நண்பர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "எவ்வளவு அழகான வண்டி, இப்படிக் கழுத்தை அறுத்துட்டாங்களே" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு என் குரலே போதுமானதாக இருந்தது. என்ன சொன்னாய் என்று கேட்டார். அவர்தான் வண்டிக்குச் சொந்தக்காரர். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், மனம் வரவில்லை. சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெட்டுறதை ஒரு தடவையாவது பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "மார்ச்சுல என் பேத்தியோட வண்டியை வெட்டப்போறோம். வந்து பாரு, மீஹோ." கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெரியவர்கள் வயதில் சின்னவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மகனே என்று அர்த்தம். ஒரு காகிதத்தில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நான் சொன்னது சரிதான் என்று நண்பரிடம் வாதாடிக்கொண்டே வந்தேன்.

ஒரு பொருளை அது வந்தபடியே வைத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அப்பா தைத்துப் போட்ட உறை, ரேடியோ பழுதாகி மூலைக்குப் போன பிறகும் கிழியாமல் இருந்தது. கார் விஷயத்தில் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டியானது. ஏனென்றால் வெட்டாத ஒரு மெர்க்குரியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மளிகைக்கடை வாசலில், ஒரு வயதான தம்பதியின் வண்டி. முன்விளக்கில் தொடங்கும் ஒரு கோடு மட்கார்டின் மேல் ஓடி, கதவுக்குள் புகுந்து, கதவு முடிகிற இடத்தில் மெல்லத் தாழ்ந்து, பின் சக்கரத்துக்கு மேல் மறுபடி எழும்பும். ஒரே மூச்சில் இழுத்த கோடு. கையில் தக்காளிப் பையோடு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஒருவர் இதை யோசித்து, வரைந்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அதில் ரம்பத்தை வைக்க இன்னொருவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விதான் என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருந்தது.

அந்த ஒருவர் யார்

அந்தக் காரின் வடிவம் பிறந்தது யூஜீன் கிரெகோரியின் வடிவமைப்புக் கூடத்தில். படகு வரைந்து பழகியவர். ஹென்றி ஃபோர்டின் மகனும் கம்பெனித் தலைவருமான எட்செல் ஃபோர்டுக்கு நெருக்கமானவர். முதல் லிங்கன் கான்டினென்டல் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. எட்செல் 1943-இல் இறந்தார். 1946 முடிவதற்குள் கிரெகோரியும் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். மெர்க்குரி விற்பனைக்கு வந்தது 1948 ஏப்ரலில். இடையில் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. அந்த வண்டியை முதலில் ஃபோர்டு என்ற பெயரில் விற்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். புதிதாக வந்த நிர்வாகத்துக்கு அது சாதாரண ஃபோர்டாக இருக்க முடியாத அளவுக்குப் பெரியதாகப் பட்டது. அதனால் மெர்க்குரி என்று பெயர் மாற்றி மேலே ஏற்றிவிட்டு, வேறொரு சின்ன ஃபோர்டை அவசரமாக உருவாக்கினார்கள். ஆக, நான் கோயில் சிலை மாதிரி நினைத்துக்கொண்டிருந்த அந்த வடிவம், வரைந்தவர் போன பிறகு, பெயர் மாறி, விலை மாறி, கணக்குப் பார்ப்பவர்களின் மேஜைகளைத் தாண்டித்தான் தெருவுக்கு வந்தது.

ஹார்லி எர்ல் கதை இன்னும் விசேஷம். அமெரிக்கக் கார்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசினால் அவரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸில் 'ஆர்ட் அண்ட் கலர்' என்ற பிரிவு தொடங்கியபோது அதன் தலைவர். முழு அளவில் களிமண்ணில் காரைச் செய்து பார்க்கும் வழக்கத்தை அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டில் வேரூன்ற வைத்தவர். பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்துவிட்டு வந்து அதை ஜெனரல் மோட்டார்ஸின் 1948 காடிலாக்கின் பின்புறத்தில் துடுப்புகளாக முளைக்க வைத்ததும், அது வளர்ந்து வளர்ந்து 1959 காடிலாக்கில் உச்சத்துக்குப் போனதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார்? லாஸ் ஏஞ்சலஸிலிருந்து. அப்பா குதிரை வண்டி கட்டியவர். பிறகு கார் உடல் கட்டும் பட்டறை. ஹாலிவுட் நடிகர்கள் கம்பெனியிலிருந்து வந்த வண்டியைப் பிடிக்காமல் இங்கே கொண்டுவந்து விடுவார்கள்; எர்ல் அதை அவர்கள் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டித் தருவார். கவ்பாய் நடிகர் டாம் மிக்ஸின் காரில் குதிரைச் சேணத்தையே பொருத்தியதாகச் சொல்வார்கள். இந்தப் பட்டறை வேலையைப் பார்த்துத்தான் காடிலாக்கின் தலைவர் அவரை டெட்ராய்ட்டுக்கு அழைத்தார். அவர் அங்கே வடிவமைத்த முதல் கார், 1927 லசால், ஹிஸ்பானோ-சுய்சா என்ற ஐரோப்பியக் காரைப் பார்த்துச் செய்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த காரை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் வெட்டி மாற்றிக்கொண்டிருந்த ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பட்டறைக்காரர்தான் டெட்ராய்ட்டுக்கே அழகு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். 25 வருடம் கழித்து அதே ஊரின் பையன்கள் அந்த டெட்ராய்ட் கார்களை வெட்டுகிறார்கள் என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் காரை நீளமாக்குவதும் தாழ்த்துவதும்தான் 28 வருடமாகத் தன் முதல் வேலை, சில சமயம் நிஜத்தில், எப்போதும் தோற்றத்திலாவது என்று எர்ல் 1954-இல் எழுதினார். ரம்பம் பிடித்த எந்தப் பையனும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பான்.

விளம்பரப் படம் வரைந்தவர்களும் விட்டுவைக்கவில்லை. பான்டியாக் கார்களுக்கு 1959 முதல் 1971 வரை ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் வான் காஃப்மனும் வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். கார் ஃபிட்ஸ்பாட்ரிக்குடையது, பின்னணி காஃப்மனுடையது. நனைந்த தெரு, ஹோட்டல் வாசல், பனிமலை. அதன் முன்னால் நிஜத்தில் இருப்பதைவிட அகலமாக, தாழ்வாக ஒரு பான்டியாக். களிமண்ணில் ஒருவர் தாழ்த்தினார், தூரிகையால் ஒருவர் தாழ்த்தினார், ரம்பத்தால் ஒருவர் தாழ்த்தினார். இத்தனை பேருக்கும் கண்ணில் ஒரே கார்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தெருவில் ஓடிய கார் மட்டும் அதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

சரி, புத்தியில் இவ்வளவும் ஏறிவிட்டது. ஆனாலும் மளிகைக்கடை வாசலில் பார்த்த கோடு மனசை விட்டுப் போகவில்லை. வாதத்தில் தோற்பது வேறு, மனசு ஒப்புக்கொள்வது வேறு. மார்ச் இரண்டாவது வாரம் அந்தக் காகிதத்தை எடுத்து எண்ணை அழுத்தினேன்.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வீட்டின் பின்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு பட்டறை. பேத்திக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெல்டிங் முறைப்படி படித்தவள். அவளுடைய 1950 மெர்க்குரி கூபே, அரிசோனாவில் ஒரு பண்ணையில் கிடந்தது. என்ஜின் இல்லை, தரைத்தகடு துருவில் போயிருந்தது, இருக்கைகளை எலி தின்றிருந்தது. ஆனால் மேல் உடம்பு கெட்டியாக இருந்தது. பெரியவர், பேத்தி, பெரியவரின் பழைய நண்பர்கள் இரண்டு பேர், அப்புறம் நான்.

முதல் மூன்று மணி நேரம் யாரும் ரம்பத்தைத் தொடவே இல்லை. வண்டியின் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, மூன்று பிரதிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் கூரை மூன்று அங்குலம் இறங்கியிருந்தது, ஒன்றில் நாலு, ஒன்றில் ஐந்து. மூன்றையும் சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவரைக்கும் நடந்து போய் அங்கிருந்து பார்த்தார்கள். பேத்திக்கு ஐந்து பிடித்திருந்தது. பெரியவர் எதுவும் சொல்லாமல் ஐந்தையும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் மாற்றி ஒட்டினார். மறுபடி நடந்து போய்ப் பார்த்தோம். ஐந்தில் வண்டி முறைத்துக்கொண்டிருந்தது. மூன்றில் வெட்டியதே தெரியவில்லை. நாலில் கூரை தானாகவே அந்த உயரத்துக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "நாலு" என்றாள் அவள். இவ்வளவு நேரம் எடுத்த முடிவைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கூரையை எடுத்தால் உடம்பு விரிந்துவிடக் கூடாது என்று உள்ளே சதுரக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்தார்கள். ஒவ்வொரு தூணிலும் இரண்டு வரிசை டேப், நடுவில் நாலு அங்குல இடைவெளி. ஒரே இடத்தில் எல்லாத் தூணையும் வெட்டுவதில்லை. எந்த உயரத்தில் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் கிட்டத்தட்ட ஒரே அகலமாக வருமோ அங்கே வெட்ட வேண்டும். கதவுகளின் ஜன்னல் சட்டங்களுக்கும் அதே கணக்கு. பத்தரை மணிக்குப் பேத்தி முதல் வெட்டைப் போட்டாள். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது கூரை நாலு பேர் கையில் இருந்தது. ஒரு கை குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார்கள். நினைத்ததைவிடக் கனமில்லை. அதை மெல்ல இறக்கி வெட்டிய தூண்களின் மேல் வைத்தோம்.

பொருந்தவில்லை. பொருந்தாது என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. முன்கண்ணாடித் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. நடுவில் நாலு அங்குலத்தை எடுத்துவிட்டு மேல்பகுதியை நேராகக் கீழே இறக்கினால், அது கீழ்த் தூணுக்குப் பின்னால் போய் நிற்கும். கூரையை முன்னால் நகர்த்தினால் பின்னால் இடைவெளி விழும். பின்கண்ணாடி இருக்கும் பகுதியைத் தனியாக வெட்டி முன்னோக்கிச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் அதன் இரண்டு பக்கத்துத் தகடும் வளைவு மாறும். அந்த வளைவைக் கையால் அடித்து உருவாக்க வேண்டும். வெட்டுவது அரை நாள் வேலை. மிச்சமெல்லாம் ஒட்டுவது. அதற்கு மாதக்கணக்காகும். நான் இத்தனை நாளும் வெட்டை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். கூரை தற்காலிகமாக நாலு இடத்தில் புள்ளி வைத்துப் பற்றவைக்கப்பட்டு நின்றது. "கண்ணை மூடு" என்றார். என் வலது கையைப் பிடித்து முன்விளக்குக்கு மேல் வைத்தார். "அப்படியே பின்னாடி போ." நான் மிகவும் நேசித்த அந்தக் கோட்டின் மேல் என் உள்ளங்கை போனது. மட்கார்டு, கதவு, தாழ்வு, மறுபடி மேடு. ஓரிடத்தில் தகடு கொஞ்சம் அமுங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. "இதை நான் தொடவே மாட்டேன்" என்றார். "இந்தக் கோட்டுக்காகத்தான் மேலே வெட்டுறேன். இப்போ கண்ணைத் திறந்து அங்கே போய் நில்லு." தெருவோரம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் காலத்துக் கார்களில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார இடம் விட்டிருப்பார்கள். அதனால் கூரை உயரம். கூரையின் பாரம் அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. வெட்டாத வண்டியில் கண் முதலில் கூரைக்குப் போய்விட்டுத்தான் கீழே வரும். இப்போது நேராகக் கோட்டுக்குப் போனது. துருப்பிடித்து, இருக்கை இல்லாமல், தூண்களில் பிளவு தெரிய நின்ற அந்த வண்டியில், மளிகைக்கடை வாசலில் நான் பார்த்த கோடு அன்று பார்த்ததைவிட நீளமாக இருந்தது. கிரெகோரியின் கூடத்திலிருந்து வந்த கோட்டை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்ததைத்தான் எடுத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டீ மாதிரி சூடாக ஒரு குவளை காபியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஹிரோஹாட்டாவின் மெர்க்குரி

அன்று முதல் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் ஒரு வண்டி இருக்கிறது. பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞர், ஏறக்குறையப் புத்தம் புதிய 1951 மெர்க்குரியை 1952-இல் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். ஜார்ஜ் பாரிஸ் பெயர் பெரிதாகத் தெரியும். தகட்டு வேலையில் கை அண்ணன் சாமுடையது. முன்னால் நாலு அங்குலம், பின்னால் ஏழு அங்குலம் வெட்டினார்கள். கதவுக்குப் பின்னாலிருந்த நடுத்தூணையே எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டுப் பட்டைக்கு ப்யூக்; முன்பக்கக் கிரில்லுக்கு ஃபோர்டு; பின்விளக்குக்கு லிங்கன். கடைத்தெருவில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்ட கம்பெனிகளின் துண்டுகளெல்லாம் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கின்றன. மேலே கடல்நுரைப் பச்சை, கீழே அடர்பச்சை. டாஷ்போர்டில் அலங்காரக் கோடு இழுத்தது, அந்த வேலையில் பேர்போன வான் டச். 1953-இல் காடிலாக் என்ஜினைப் பொருத்தி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இண்டியானாபொலிஸ் வரைக்கும் அதை ஓட்டிக்கொண்டு போனார் ஹிரோஹாட்டா. காட்சிப் பொருளாகச் செய்யவில்லை, ஓட்டச் செய்தது.

பிறகு அது கைமாறி, மவுசு குறைந்து, 1959-இல் பழைய கார் விற்கும் இடத்தில் 500 டாலருக்கு ஒரு பதின்வயதுப் பையனுக்குப் போனது. அவர் அதைத் தன் ஆயுள் முழுக்க விற்கவில்லை. பல வருடம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். கடைசியில் எடுத்துப் புதுப்பித்தபோது 1952-இல் இருந்தபடியே கொண்டுவர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்தப் பச்சை அதே பச்சையாக இருக்க வேண்டும், அந்தக் கிரில் அதே கிரில்லாக இருக்க வேண்டும். 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்தில் 19.5 லட்சம் டாலருக்குக் கேட்டு எடுத்தார்கள். இன்று அந்த வண்டியில் யாராவது ஒரு திருகாணியை மாற்றினால்கூட உலகம் சண்டைக்கு வரும். நானும் வருவேன். தொழிற்சாலை வடிவத்தை வெட்டிச் சிதைத்த வண்டி என்று ஒரு காலத்தில் நான் சொல்லியிருக்கக்கூடியது, இப்போது அதுவே யாரும் தொடக்கூடாத மூலமாகிவிட்டது.

மூலம் என்ற சொல்லே எனக்கு இப்போது இடறுகிறது. டெட்ராய்ட் வடிவமைப்புக் கூடங்களில் அந்த நாட்களில் வரைந்த ஆயிரக்கணக்கான ஓவியங்களில் பெரும்பகுதியை, ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனிகளே கிழித்தும் எரித்தும் அழித்தன. நிறக் காகிதத்தில் சாக்பீஸும் பென்சிலும் கொண்டு வரைந்த, எந்தக் கண்காட்சியிலும் வைக்கத் தகுந்த படங்கள். சிலர் மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததால்தான் கொஞ்சமாவது மிஞ்சியது. மூலத்தை மதிக்காதது யார் என்று கேட்டால் பட்டறைப் பையன்களை மட்டும் கைகாட்ட எனக்கு இனி மனம் வராது. அவர்களாவது தாங்கள் செய்ததைத் தெருவில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஈயமும் ஒரு கோடும்

ஏப்ரலில் இரண்டு தடவை, மே மாதம் ஒரு தடவை போனேன். ஒட்டிய இடங்களைப் பெரியவர் ஈயத்தில்தான் சமன் செய்கிறார். நம் ஊர்ப் பட்டறையில் பட்டி பார்ப்பது மாதிரி இங்கேயும் இப்போது எல்லோரும் டப்பாவிலிருந்து எடுத்துப் பூசிவிடுகிறார்கள். அவர் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த கம்பி. தகட்டைச் சுத்தம் செய்து, சூடாக்கி, முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் உட்கார்ந்து துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றுவாரே, அதே வேலைதான். அதன் மேல் கம்பியை உருக்கி வைத்து, மரக்கட்டையால் வெண்ணெயைப் போல் தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டும். கட்டை ஒட்டாமலிருக்கத் தேன்மெழுகில் தோய்த்துக்கொள்வார். சூடு கொஞ்சம் கூடினால் அத்தனையும் வழிந்து தரையில் விழும், குறைந்தால் கட்டிதட்டும். ஈயப் புகை நல்லதில்லை என்பதால் முகமூடி இல்லாமல் பேத்தி அவரை நெருப்பைப் பற்றவைக்க விடுவதில்லை. இந்த மாதிரி வண்டிகளை 'லெட் ஸ்லெட்', அதாவது ஈயச் சறுக்குவண்டி என்று கூப்பிடுவது இந்த ஈயத்தால்தான்.

மே மாதம் போனபோது கோடு இழுக்கும் நண்பர் ஒருவர் வந்திருந்தார், டாஷ்போர்டுக்காக. பின்ஸ்ட்ரைப் என்ற இந்த மெல்லிய கோட்டு வேலையை நான் அதுவரை ஓர் அலங்காரம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவருடைய பிரஷ்ஷின் கைப்பிடி ஒரு விரல் நீளம்கூட இல்லை. முடி மட்டும் அணில் முடி, வாள் மாதிரி ஒரு பக்கம் சரிந்து நுனியில் கூர்ந்திருந்தது. எனாமலில் தோய்த்து ஓர் அட்டையில் முன்னும் பின்னும் பத்து தடவை இழுத்தார். பெயிண்ட் முடியின் வயிற்றுக்குள் போவதற்காக. பிறகு சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தார். அளவுகோல் இல்லை, டேப் இல்லை. முதலில் இடது பக்கம் ஒரு வளைவு. பிறகு அதற்கு ஜோடியாக வலது பக்கம். இரண்டும் நடுவில் வந்து ஒரு புள்ளியில் முடிந்தன. வான் டச் என்று ஊர் அறிந்த கென்னத் ஹோவர்டின் அப்பா விளம்பரப் பலகை எழுதியவர். மகன் அதே பெயிண்ட்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் எழுதினார். குதிரை வண்டி கட்டிய வீட்டிலிருந்து எர்ல், பலகை எழுதிய வீட்டிலிருந்து இவர். இந்தக் கலையைப் படிக்க இவர்கள் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, பட்டறையில்தான் கண்ணைத் திறந்தார்கள்.

இன்னும் ஒப்பாதவை

இதையெல்லாம் எழுதுவதால் எதையும் யாரும் வெட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1949 மெர்க்குரி 3 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. 1930-களில் வந்த கோர்டு 810, 812 கார்கள் இரண்டும் சேர்த்தே 3,000-ஐத் தொடவில்லை. 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டே எட்டு கார்களைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தபோது அதில் கோர்டும் ஒன்று. அதில் ரம்பம் வைப்பவரோடு நான் இன்றும் சண்டை போடுவேன். 1932 ஃபோர்டு விஷயத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் வி-8 என்ஜினோடு வந்த முதல் வண்டி. கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் முரோக்கின் காய்ந்த ஏரிப்படுகையில் பையன்கள் மட்கார்டைக் கழற்றி, காற்று குறைவாக மோதட்டும் என்று கூரையையும் வெட்டி வேகம் பார்த்தார்கள். சாப் என்ற இந்த வேலை அழகுக்காகத் தொடங்கவில்லை, வேகத்துக்காகத் தொடங்கியது. அன்று அது பழைய கார், மலிவு. இன்று தொழிற்சாலைத் தகடு அப்படியே இருக்கிற ஒன்று கிடைத்தால், அதை விட்டுவிடுங்கள் என்பேன். அச்சு அசலாகப் புதுத் தகட்டில் உடம்பு செய்து விற்கிறார்கள். அதை வாங்கி மனசுபோல் வெட்டலாம்.

அதைவிட முக்கியம், பாதியில் விட்ட வண்டிகள். பழைய இரும்புக் கிடங்குகளில் கூரை வெட்டி, பொருத்தத் தெரியாமல், மழையில் கிடக்கிற உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். வெட்டுவதற்கு ஒரு ரம்பமும் ஒரு மதியமும் போதும் என்பதால் வந்த வினை. அவற்றைப் பார்க்கும்போது பொமோனாவில் நான் சொன்ன வார்த்தை இன்றும் வாயில் வருகிறது. அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினார். அவர் இளவயதில் வெட்டிய முதல் வண்டியும் அப்படிக் கிடந்து போனதுதானாம், ஒரு ஷெவ்ரலே. இரண்டு வருடம் பின்முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்து, கடைசியில் எடைக்குப் போட்டிருக்கிறார். அதன் நிறம் என்ன என்று கேட்டேன். உடனே சொன்னார்.

வெட்டி எடுத்த துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். முன்கண்ணாடித் தூணின் நாலு அங்குலம். இப்போது என் மேஜையில் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன: மேலே மங்கிய மணல் நிறம், அதற்குக் கீழே ஒரு பச்சை, அதற்கும் கீழே தகட்டை ஒட்டிப் பளபளப்பு போகாத கறுப்பு. அந்தக் கறுப்பு தொழிற்சாலையில் அடித்தது. நடுவில் இருந்த பச்சையை யார் அடித்தார்கள், எந்த ஊரில், எதற்காக என்று யாருக்கும் தெரியாது. பேத்தி தன் வண்டிக்கு அந்தப் பச்சையைத்தான் அடிக்கப் போகிறாளாம்; நிறம் ஒப்பிட என் துண்டை ஒரு வாரம் இரவல் கேட்டிருக்கிறாள்.

வண்டி இன்னும் சாம்பல் பிரைமரில்தான் நிற்கிறது. கதவுக் கண்ணாடிகள் தட்டை, அவை சுலபமாக வெட்டிப் பொருந்திவிட்டன. முன்கண்ணாடிதான் படுத்துகிறது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் ஒரு படலம். இரண்டு பக்கமும் கீறி, சூடு காட்டி, பொறுமையாகப் பிரிக்க வேண்டும். முதலாவது மூலையிலிருந்து மூலை வரைக்கும் விரிந்து போனது. இரண்டாவது முழுசாக வெட்டுப்பட்டு, சட்டத்தில் வைக்கும்போது போனது. மூன்றாவதுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை வருகிறதாம்.